கார் டிக்கியில் வரும் ஆமைக்கும் பெர்மிட் வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னைப் போன்றவரிடம் நாய், பூனை, கிளிக்கு அடுத்தபடி வந்து சேர்வது ஆமை. “கேப் டவுன் பக்கம் விடுமுறைக்குப் போயிருந்தோம் டாக்டர். சாலையில் கிடந்தது, பாவமாக இருந்தது, எடுத்து வந்துவிட்டோம்” என்பார்கள். மூக்கில் சளி ஒழுகும், கண் இமை வீங்கியிருக்கும். கோடையில் காய்ந்து குளிர்காலத்தில் மழை பெறும் மண்ணில் வளர்ந்த ஆமைக்கு டர்பன் புழுக்கம் ஒத்துக்கொள்வதில்லை. அதைவிடப் பெரிய சேதம் எடுத்த அந்த நொடியிலேயே நடந்திருக்கக்கூடும். மிரண்ட ஆமை, தூக்கிய கையிலேயே சிறுநீரைக் கொட்டிவிடும். வறட்சிக்கென்று உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீர் அது.

காட்டு ஆமையை எடுத்து வந்து வளர்ப்பதற்கே அனுமதி வேண்டும். மாகாண எல்லையைத் தாண்டினால் புறப்படும் மாகாணத்திலும் வந்து சேரும் மாகாணத்திலும் தனித்தனியாக பெர்மிட் கேட்பார்கள். ஒன்பது மாகாணங்களுக்கும் ஒரே சட்டம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு ஆச்சரியமில்லை. சட்டம் படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள். டர்பன் இருக்கும் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 1974-இல் வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. பெர்மிட் தருவது எசெம்வெலோ வனவிலங்குத் துறை. இதற்கு மேலே 2004-ஆம் ஆண்டின் தேசியப் பல்லுயிர்ச் சட்டமும், அதன் கீழ் அழிவாபத்திலுள்ள உயிரினங்களுக்காக 2007-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. அவ்விதிகளைத் திருத்தி 2023-இல் அரசிதழில் வெளியிட்டார்கள். நடைமுறைக்கு வருமுன்பே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, பழைய விதிகளைத் திருத்தும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

விலங்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதில் இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நியாலா மானைத்தான் சொல்வேன். வேலியில் சிக்கிய மானை நாலு பேர் விரட்டிப் பிடித்து, காலைக் கட்டி, பக்கி எனும் திறந்த சிறு சரக்கு வண்டியில் போட்டு, வெயிலில் கொண்டுபோகிறார்கள். இறக்கிவிட்டதும் அது எழுந்து ஓடும். பிழைத்துவிட்டது என்று எல்லோரும் கைதட்டுவார்கள். அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் பயத்திலும் உடல் சூடேறித் தசைகள் சிதையத் தொடங்கியிருக்கும். சிதைந்த தசையின் நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பின்கால்கள் துவளும். சில மணி நேரத்திலோ, சில நாள் கழித்தோ மான் செத்துவிடும். முற்றிவிட்டால் என் கையில் மருந்து இல்லை. கண்ணைக் கட்டுவது, சத்தமில்லாமல் வேலை செய்வது, வெயில் ஏறுமுன் முடிப்பது, பெட்டியில் காற்றோட்டம் வைப்பது எல்லாம் இதைத் தடுக்கத்தான். 1960-களில் நம் மாகாணத்து உம்ஃபலோசி வனக் காப்பகத்திலிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களை வெளியிடங்களுக்கு அனுப்பிய காலத்தில், மயக்க மருந்தின் அளவு முதல் பெட்டியின் அமைப்பு வரை பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

குரங்கு விஷயம் தனி. அனுமனுக்கு என்று வாழைப்பழம் வைக்கும் வீடுகளை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சில்வர்கிளென் காட்டோரத்தில் கிடைத்த வெர்வெட் குரங்குக் குட்டியை மடியில் வைத்து வளர்த்துவிட்டு, பல் முளைத்துக் கடிக்கத் தொடங்கியதும் வேறு ஊர்க் காட்டில் விட்டுவிட்டு வருவது புண்ணியம் ஆகாது. அந்நியக் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது, கடித்துக் குதறிவிடும்.

கோமாரி நோயையும் சொல்லியாக வேண்டும். 2021 முதல் நம் மாகாணத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கும் நோய் அது. பிளந்த குளம்புள்ள எதையும் அது விடாது: மாடு, ஆடு, இம்பாலா, நியாலா, காட்டெருமை. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து மான் வெளியேறத் தடை என்றால், மாரியம்மன் பூசைக்கு வாங்கும் ஆட்டுக்கும் அதே தடைதான். பூசைக்கு ஆடு வாங்குகிறவர்கள், அது எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பல்லுயிர்ச் சட்டத்தின்படி வரைவு விதிகள் அரசிதழில் வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். வேட்டைப் பண்ணைக்காரர்கள் வக்கீல் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும், அது அவர்கள் பிழைப்பு. நம் மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்திலிருந்தும் கடிதம் போக வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அரைப் பக்கம் போதும், ஆங்கிலத்திலோ சுலுவிலோ எழுதலாம். நான் கேட்கப்போவது இரண்டுதான். அடிபட்ட விலங்கைப் பக்கத்து மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்கிறவரைக் குற்றவாளியாக்காத தெளிவான ஒரு பிரிவு வேண்டும்; எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அடுத்தது, ஆண்டுக்கணக்காக வீட்டில் ஆமை வைத்திருப்பவர்கள் தண்டனைக்குப் பயப்படாமல் அதை ஒப்படைக்கவோ பதிவு செய்யவோ ஒரு கால அவகாசம்.