நூறு ஆண்டுக்குத் தண்ணீர் காட்டினால்தான் மனை விற்கலாம்: அரிசோனாவின் நீர் உறுதி விதி

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள பாலைநிலத்தில் புதிய மனைப்பிரிவு போட்டு விற்க நினைக்கும் நிறுவனம், அந்த வீடுகளுக்கு 100 ஆண்டுகளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று மாநில நீர்வளத் துறையிடம் முதலில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் மனைகளை விற்க முடியாது. அங்கே வீடு வாங்குபவர்களில் பலர் பள்ளிக்கூடத்தையும் பயண நேரத்தையும் விசாரிக்கிறார்கள், தண்ணீரை விசாரிப்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த விதியின் வேர் 1980ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம். அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பருத்திக்கும் தீவனப் பயிருக்கும் கணக்கில்லாமல் இறைத்ததால், ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையிலுள்ள ஈலோய் பகுதியில் நிலமே 12 அடிக்கும் மேல் தாழ்ந்து, தரை பிளந்தது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தாவிட்டால் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவரும் கால்வாய்க்கு நிதி கிடைக்காது என்று மத்திய அரசு நெருக்கியது. ஆளுநர் புரூஸ் பாபிட் கையெழுத்திட்ட சட்டம் ஃபீனிக்ஸ், டூசான், பிரெஸ்காட், பினால் ஆகிய 4 வட்டாரங்களை மேலாண்மைப் பகுதிகளாக அறிவித்தது. நூறாண்டு விதியின் விரிவான நிபந்தனைகள் 1995இல் நடைமுறைக்கு வந்தன.

துறை பார்ப்பவை இவை: தண்ணீர் நிலத்தில் உண்மையில் இருக்கிறதா, அதை எடுக்கச் சட்டப்படி உரிமை உண்டா, தரம் போதுமா, குழாயும் சுத்திகரிப்பும் அமைக்கப் பணம் இருக்கிறதா, வட்டாரத்தின் நீர் இலக்குகளுக்கு அது முரணாகிறதா. நிலத்தடி நீரை நம்புபவர்களுக்கு ஓர் ஆழ வரம்பும் உண்டு. ஃபீனிக்ஸ் பகுதியில் 100 ஆண்டு இறைத்த பிறகும் நீர்மட்டம் 1,000 அடிக்குக் கீழே போய்விடக் கூடாது.

உறுதி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. வாங்குபவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். ஒன்று, நகராட்சியோ குடிநீர் நிறுவனமோ தன் சேவைப் பகுதி முழுவதற்கும் மாநிலத் துறையிடம் பெறும் ஒப்புதல் (இதை நகர ஒப்புதல் என்கிறேன்). ஃபீனிக்ஸ், மேசா, ஸ்காட்ஸ்டேல், சாண்ட்லர் போன்ற நகரங்களிடம் இது இருக்கிறது. சால்ட், வெர்டி ஆறுகளின் நீரும் கொலராடோ நீரும் அவற்றின் பலம். அங்கே மனை போடுபவர் தனியாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, நகரம் தண்ணீர் தருவதாகச் சொன்னால் போதும். மற்றொன்று, ஒரு மனைப்பிரிவுக்கு மட்டும் அதன் உரிமையாளர் பெறும் சான்றிதழ். நகர ஒப்புதல் இல்லாத விளிம்பு ஊர்கள் இந்தச் சான்றிதழ்களை வைத்தே வளர்ந்தன. அவற்றுக்கு ஆதாரம் பெரும்பாலும் நிலத்தடி நீர்.

2023 ஜூன் 1 அன்று அந்தப் பாதை அடைபட்டது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் நிலத்தடி நீர்க் கணக்கீட்டை ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் வெளியிட்டார். 100 ஆண்டுத் தேவையில் ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது 48.6 லட்சம் ஏக்கர் அடி நீர், எடுக்க வழியில்லாமல் போகும் என்றது அது. (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி, சுமார் 12.3 லட்சம் லிட்டர்.) நிலத்தடி நீரை மட்டும் காட்டுபவர்களுக்குப் புதிய சான்றிதழ் தருவதைத் துறை அதோடு நிறுத்தியது. முன்பே சான்றிதழ் பெற்ற மனைகளுக்கு இந்தத் தடை இல்லை. நகர ஒப்புதல் உள்ள இடங்களிலும் கட்டுமானம் தொடரலாம். ஃபீனிக்ஸில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பரவிய செய்தி தவறு. பக்கை, குயின் கிரீக் போன்ற விளிம்பு ஊர்களின் விரிவாக்கம்தான் தடைபட்டது.

வேறு நீரைத் தேட வேண்டிய கட்டாயம் அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தது, இந்தத் தடை அதை இன்னும் கூட்டியது. தொலைவிலுள்ள நீர்ப்படுகையிலிருந்து நிலத்தடி நீரை நகரத்துக்குக் கொண்டுவர 1991ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஹார்குவஹாலா போன்ற சில படுகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே ஒரே ஓர் ஏக்கர் நிலத்தை, அதனோடு வரும் நீர் உரிமைக்காக, 8 கோடி டாலருக்கு வாங்க பக்கை நகர மன்றம் 2023 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. விலை நிலத்துக்கானது அல்ல, ஆண்டுக்கு 5,926 ஏக்கர் அடி நீருக்கானது.

2024இல் அரசு இன்னொரு வழியைத் திறந்தது. விளிம்பு ஊர்களின் குடிநீர் நிறுவனங்கள் நகர ஒப்புதலுக்கு மாறலாம். ஆனால் புதிதாகக் கொண்டுவரும் நீரில் 25 சதவீதத்தை, இப்போது இறைத்துவரும் நிலத்தடி நீருக்கு மாற்றாகத் தர வேண்டும். 2025இல் வந்த சட்டத்தின்படி, உழவர் தன் பாசன உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தால், அந்த நிலத்தில் வரும் வீடுகளுக்கு ஃபீனிக்ஸ் பகுதியில் ஏக்கருக்கு 1.5 ஏக்கர் அடி நீர் கணக்கில் வைக்கப்படும். வயலுக்கு ஆகும் நீரைவிட வீடுகளுக்கு ஆகும் நீர் குறைவு என்பதே இதன் அடிப்படை.

விதியில் இருக்கும் ஓட்டைகள் எனக்குக் கவலை தருகின்றன. முதலாவது, நீர் நிரப்பும் ஏற்பாடு. 1993இல் தொடங்கிய ஒரு பொது அமைப்பில் சேரும் மனைப்பிரிவு, விதி அனுமதிக்கும் அளவுக்கு மேல் நிலத்தடி நீரை எடுக்கலாம். எடுத்த மிகுதியை அந்த அமைப்பு 3 ஆண்டுகளுக்குள் நிலத்துக்குள் செலுத்த வேண்டும். ஆனால் எடுத்த இடத்திலேயே செலுத்த வேண்டும் என்பதில்லை, அதே மேலாண்மைப் பகுதியில் எங்கு செலுத்தினாலும் சரி. கணக்கேட்டில் நீர் சமமாகிவிடும், உங்கள் வீட்டுக்கு அடியில் மட்டம் இறங்கிக்கொண்டே போகலாம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் கொடுமையானது. 6 அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்தால்தான் அது மனைப்பிரிவு. நிலத்தை 5 துண்டுக்குள் வெட்டி விற்பவரிடம் யாரும் நூறாண்டு நீரைக் கேட்பதில்லை. ஸ்காட்ஸ்டேல் எல்லைக்கு வெளியே ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் இப்படித்தான் வளர்ந்தது. பல நூறு வீடுகள் லாரித் தண்ணீரை நம்பின. அந்த லாரிகள் நிரப்பிக்கொள்ளும் நிலையத்தை ஸ்காட்ஸ்டேல் 2023 ஜனவரி 1 அன்று அவர்களுக்கு மூடியது. நகரத்தின் கடமை முதலில் தன் குடிமக்களுக்கு என்பது நியாயமே. மழைநீரைப் பாத்திரத்தில் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் துயரமும் உண்மையே. அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஐந்து மனை விலக்கு. அது இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே வாங்குபவர் செய்ய வேண்டியது: முதலில் வீட்டுக்குத் தண்ணீர் தருபவர் யார், அவரிடம் நகர ஒப்புதல் இருக்கிறதா என்று மாநில நீர்வளத் துறையில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், மனைப்பிரிவின் பெயரில் சான்றிதழ் உள்ளதா என்று தேட வேண்டும். 5 துண்டுக்குள் பிரித்த, நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலமென்றால், விற்பவர் தர வேண்டிய வெளிப்படுத்தல் உறுதிமொழிப் பத்திரத்தை வாங்கிப் படிக்க வேண்டும். தண்ணீர் குழாயில் வருகிறதா, கிணற்றிலா, லாரியிலா என்பது அதில் எழுதியிருக்கும். லாரி என்று எழுதியிருந்தால், அந்த லாரி எங்கே நிரப்புகிறது, அந்த ஊர் நாளை மறுத்தால் அடுத்து எங்கே போகும் என்று விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.