வராமல் போன பதினான்கு மாதங்கள்

அட்லாண்டாவில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அமெரிக்கப் பெண்களில் அவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம்தான். ஆனால் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படும் பெண்களில் சுமார் பாதிப் பேர் அவர்களே.

மருந்து இருக்கிறது. பலருக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது. இதைக் கேட்டு, "இத்தனை வருஷம் யாருமே சொல்லலையே" என்று அழுத பெண்கள் உண்டு. சிக்கலெல்லாம் சிகிச்சைக்கு வருவதிலும் விடாமல் தொடர்வதிலும்தான்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) பதினான்கு மாதம் வரவில்லை. அவருடைய கோப்பில் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதியிருந்தது. திரும்பி வந்த அன்று, "ஏன் வரவில்லை?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, "வரமுடியாமல் என்ன ஆச்சு?" என்று மாற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்.

மகள் இரவு வேலைக்குப் போகிறாள். மூன்று பேரக்குழந்தைகளும் இவர் பொறுப்பு. கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். ஒருநாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தவரை நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு, குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு வைத்து அடைத்திருந்தார். சர்ச்சில் முன்வரிசையில் உட்காருபவர். அங்கே தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு நோயைவிடப் பெரிது.

மருத்துவத்தின் மீது நம்பிக்கையின்மை என்றதும் டஸ்கீகியைச் சொல்வார்கள். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு அரசின் சுகாதாரத் துறை சிகிச்சை தராமலே நோயின் போக்கைக் கவனித்தது. அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த நினைவு குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் டஸ்கீகியைக் காட்டுவது எங்களைப் போன்றவர்களுக்கு வசதியாகிவிட்டது என்றே நினைக்கிறேன். இவர் முதலில் சொன்னது, போன வருடம் ஒரு மருத்துவமனையில் தன்னிடம் ரத்தம் எடுத்தவர் இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டதைத்தான்.

காப்பீடும் ஒரு தடை. எங்கள் ஜார்ஜியா, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை முழுமையாக விரிவாக்காத மாநிலம். எச்.ஐ.வி. உள்ள வசதியற்றவர்களின் சிகிச்சைக்கு உதவ 1990-இல் வந்த ரையன் வைட் சட்டத்தின் உதவி இல்லையென்றால் எங்களிடம் வரும் பலருக்கு மருந்தே கிடைக்காது. அதற்கும் வருமானச் சான்று, முகவரிச் சான்று என்று அலையவேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? வாரத்தில் ஒரு மாலை, தாமதமாக வந்தாலும் பார்ப்பது என்று வைத்தோம். போனில் தகவல் விட்டால் கிளினிக்கின் பெயரைச் சொல்வதில்லை. எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது, எச்.ஐ.வி.யோடு இருபது வருடமாக வாழும் ஒரு கறுப்பினப் பெண்ணைத் துணையாளராக வேலைக்கு எடுத்ததுதான். நான் மாதக்கணக்கில் விளக்கியும் ஏறாதது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஒரே நாளில் ஏறுகிறது.

ஏழு மாதத்தில் இந்த அம்மாவின் வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு வந்தது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறினார். டப்பாவும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். ஊசி நாளைச் சமையலறை நாட்காட்டியில் 'சலூன்' என்று குறித்து வைத்திருக்கிறாராம். முடி பின்ன அரை நாள் ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்பதில்லை.