சீமைக்கருவேலம்: வெட்டிய பிறகுதான் வேலை

கண்மாயில் சீமைக்கருவேலத்தை வெட்டி வண்டியேற்றி அனுப்பிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். அடுத்த ஐப்பசி மழை கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு தூருக்கு ஏழெட்டுக் கிளையாக முன்னைவிட அடர்ந்து நிற்கும். மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் இதுதான் நடக்கிறது.

காரணம் அந்தத் தூரிலேயே இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டியதும், வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு அவை விழித்துக்கொள்ளும். அந்த இடத்துக்குக் கீழே உள்ள வேர் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. ஆகவே சுற்றிலும் மம்பட்டியால் மண்ணைத் தள்ளி, தரைக்கு ஒரு அடி கீழே வேரை அறுத்துத் தூரோடு எடுக்க வேண்டும்.

கரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தூரைப் பிடுங்கிய குழி வழியாகத்தான் நீர் கசியத் தொடங்கும். கரைமேல் உள்ளதைத் தரையோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க அரிவாளால் கழித்துச் சோர வைப்பதே நல்லது. பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் குழியை அரையடி அரையடியாக மண்ணிட்டு, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து மூட வேண்டும்.

அரிவாளை எடுக்கும் முன் மரத்தை அடையாளம் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்ததுபோல் விதைக்கு விதை இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல்போல் நீண்ட கதிர். காய் பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். வன்னிக்கும் கதிர்ப்பூதான், அதனால்தான் அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். வன்னியின் முள் சிறியது, கிளை நெடுகச் சிதறியிருக்கும். சீமைக்கருவேலத்தின் முள் இலைக்காம்பின் அடியில் இருக்கும், பெரும்பாலும் இரட்டையாக. நிழலுக்கும் மேய்ச்சலுக்கும் நம் மண்ணில் நின்ற மரங்களை ஒரே நாள் வேகத்தில் இழப்பது பெரிய கொடுமை.

அடுத்தது விதை. இனிப்புக்காக ஆடுமாடு காயைத் தின்னும். கெட்டியான தோலுள்ள விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, உரமும் ஈரமும் ஒருசேரக் கிடைத்து முளைக்கும். மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடும் கிடக்கும். இயந்திரம் விட்டுக் கிளறினால் ஆழத்தில் கிடந்த விதையெல்லாம் மேலே வரும். மழை முடிந்த வாரத்தில் சாண் உயரக் கன்று கையோடு வேரும் வந்துவிடும். இரண்டு மாதம் விட்டால் மம்பட்டி வேண்டும், ஒரு வருடம் விட்டால் கடப்பாரை. மூன்று நான்கு வருடம் இப்படிக் களையெடுக்க எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு, அந்த அளவு நிலத்தில் மட்டும் மரத்தை வெட்டுங்கள். அரை ஏக்கரில் தொடங்குவது போதும். காய் பழுக்கும் முன் வெட்டுங்கள். காய் இல்லாத கிளைகளைப் புதுக் கன்றுகளுக்கு ஆட்டுவேலியாக வைக்கலாம். காயோடு வைத்தால் அதுவே நாற்றங்கால்.

அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது.

நடவுக்கு வருவோம். கரைக்குப் பனையைவிட ஏற்றது வேறில்லை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை 10 அடிக்கு ஒன்றாக, மேலே நான்கு விரல் மண் மூடும்படி புதைக்க வேண்டும். கொட்டையிலிருந்து குழாய்போல் ஒன்று வெளிவந்து, முளையைச் சுமந்துகொண்டு நேரே கீழே இறங்கும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த முளை தடித்ததுதான். இலை மேலே வரப் பல மாதமாகும். செத்துவிட்டதென்று தோண்டிப் பார்த்தே கெடுப்பவர்கள் அதிகம். ஆழத்தில் இறங்குவதால் பையில் வளர்த்து நடுவதும் சரிப்படாது.

நீரோரத்துக்கு நீர்மருது, நீர்க்கடம்பு. கடம்பவனம் என்று பெயர் பெற்ற மதுரையில் கடம்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கரைக்கு வெளியே புங்கன், இலுப்பை, நாவல். மேட்டுக்கு உசில், வெள்வேல், ஆவாரை. வேம்பு, இலுப்பை, நாவல் விதைகளைச் சேர்த்து வைக்க முடியாது. சதையைக் கழுவி அந்த வாரமே விதைக்க வேண்டும். வெள்வேல், வாகை, ஆவாரை விதைகள் கல் போன்றவை: கொதித்து இறக்கிய நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, உப்பியதை மட்டும் எடுத்து விதைத்து, மீதியை மறுபடி ஊற வையுங்கள்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கு நடும் கன்றுகள் இங்கே ஆடிக்காற்றில் காய்வது வழக்கம். மதுரைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். மண் ஒரு அடிக்கு நனைந்த பிறகு, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால், பங்குனி வெயிலுக்குள் வேர் கீழே போய்விடும். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம் போதும். பையைக் கிழித்ததும் அடியில் சுருண்ட வேரை ஒரு அங்குலம் வெட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் சுருண்டபடியே வளர்ந்து சில வருடத்தில் காற்றுக்குச் சாயும்.

பாறைக் குன்றுகளுக்கு இந்த முறை பொருந்தாது. மேலூர் வட்டத்தில் பாறைக் குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். அங்குள்ள லகர் வல்லூறு வேட்டையாட வெட்டவெளி வேண்டும். இத்தகைய புதர்வெளியில் குழி தோண்டி மரத்தை நெருக்கினால் புல்லும் போகும், பறவையும் போகும். சீமைக்கருவேலக் கன்றைப் பிடுங்கி, கோடையில் தீ வராமல் காத்து, மழைக்குப் பிந்தைய சில மாதம் மேய்ச்சலைத் தள்ளி வைத்தால், காரை, சூரை போன்ற நாட்டு முட்புதர்கள் தாமே தழைக்கும்.