நொடிக்கு 128 துண்டு: லிங்க் 16 வேலை செய்யும் விதம்

போர் விமானிகளின் ரேடியோப் பேச்சில் "டிம்பர் ஸ்வீட்" என்று ஒரு தொடர் அடிபடும். போர் விமானங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ரேடியோ வலையான லிங்க் 16-இல் சேர்ந்தாயிற்று, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். ஓடவில்லை என்றால் "டிம்பர் சவர்". பழைய லிங்க் 11-க்குச் சங்கேதப் பெயர் அலிகேட்டர், லிங்க் 4ஏ-வுக்கு டாலி. ஏன் முதலை, ஏன் பொம்மை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் என்டிஆர், பிபிஎல்ஐ, ஆர்-2 போன்ற சொற்களை அப்படி விட்டுவிட முடியாது. முதல் பார்வைக்கு வெறும் எழுத்துக் குவியல்தான். இந்த வலை முழுக்க ஒரே கடிகாரத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி தானாக விளங்கிவிடும்.

பிரச்சினை இதுதான். பல விமானங்கள் ஒரே அலைவரிசைப் பட்டையில் தகவல் அனுப்ப வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் குழப்பம். லிங்க் 11-இல் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, அவரவர் பதில் சொல்வார்கள். அந்த நிலையம் போனால் வலையே படுத்துவிடும். லிங்க் 16-இல் கூப்பிட ஆளே இல்லை. ஒரு நொடியை 128 துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு 7.8125 மில்லிநொடி. 12 நொடி சேர்ந்தது ஒரு ஃபிரேம், அதில் 1,536 துண்டுகள். எந்தத் துண்டில் யார் பேசுவது என்பது பறப்பதற்கு முன்பே திட்டமிடப்பட்டு விமானத்தில் ஏற்றப்படுகிறது. கண்காணிப்புக்கு இத்தனை துண்டு, தாக்குதல் கட்டுப்பாட்டுக்கு இத்தனை என்று தலைப்புவாரியாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிவுகளுக்குப் பெயர் என்பிஜி.

இதற்கு எல்லோர் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். வலையில் ஒருவர் என்டிஆர், அதாவது நேரத்துக்கு ஆதாரம். அவர் கடிகாரம் உலக நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம் பட்சம்; வலைக்குள் அவர் சொல்வதுதான் மணி. புதிதாகச் சேர்பவர் முதலில் சும்மா கேட்டு, தோராயமாக நேரத்தைப் பிடிக்கிறார். அப்புறம் ஒரு சிறு செய்தி அனுப்பி, அதே துண்டுக்குள் பதிலை வாங்கி, போய்வந்த நேரத்தை வைத்துத் தன் கடிகாரத்தை நுட்பமாகத் திருத்திக்கொள்கிறார்.

ஒரு துண்டுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். 13 மைக்ரோநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு கிளம்புகிறது; அது உயிரோடு இருப்பது 6.4 மைக்ரோநொடிதான். அடுத்த துடிப்பு வேறொரு அலைவரிசைக்குத் தாவிவிடும். 960 முதல் 1,215 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 51 அலைவரிசைகள் இதற்கு உண்டு. விமான அடையாளக் கருவிகள் பயன்படுத்தும் 1,030, 1,090 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் போவதில்லை. நொடிக்குச் சுமார் 77,000 தாவல் என்ற வேகத்தில், முடக்க நினைப்பவர் துரத்திப் பிடிப்பது கஷ்டம். போதாததற்கு, துண்டு தொடங்கியதும் உடனே அனுப்பாமல், வெளியாளால் கணிக்க முடியாத ஒரு சிறு தாமதம் விடுவார்கள். இதை ஜிட்டர் என்கிறார்கள். துண்டின் கடைசியில் கொஞ்சம் மௌனமும் வேண்டும். 300 கடல் மைல் தூரத்தை ரேடியோ அலை கடக்க 1.85 மில்லிநொடி ஆகும். அதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடக் கூடாது. அதிகத் தகவலைத் திணிக்க வேண்டுமென்றால் ஜிட்டரைத் தியாகம் செய்யலாம். முடக்கத்தைத் தாங்கும் சக்தி குறையும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சாதாரணத் துண்டில் போவது 225 பிட். நொடிக்கு 28,800. 2 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அனுப்ப, வலை முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொண்டாலும் 9 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே இங்கே பெரும்பாலும் போவது படமோ ரேடார் சிக்னலோ அல்ல. கச்சிதமாக வடிவமைத்த ஜே வரிசைச் செய்திகள்தான். ஜே 2.2 என்பது பறக்கும் விமானத்தின் பிபிஎல்ஐ: "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்." என் கணக்கில் இந்த வலையின் மிக அழகான பகுதி இதுதான். துண்டு எப்போது தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்தே தூரம் கிடைத்துவிடுகிறது. ஒரு மைக்ரோநொடி தாமதம் என்றால் 300 மீட்டர். இப்படிப் பலரிடமிருந்து தூரம் கிடைத்தால், தன் இருப்பிடம் தவறாகக் காட்டும் விமானம் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஜே 3.2 என்பது வானில் கண்ட மற்றொரு விமானத்தைப் பற்றியது. அப்படிக் கண்ட ஒவ்வொன்றும் ஒரு டிராக். அதற்கு ஐந்து இடமுள்ள எண் உண்டு. இந்த எண்ணில் 8-ஓ 9-ஓ வரவே வராது. 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்கள், பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் ஓ, ஐ இரண்டையும் நீக்கிய 24 ஆங்கில எழுத்துகள்: மொத்தம் 32, சரியாக ஐந்து பிட். முதல் இரண்டு இடங்களுக்கு இவை. மற்ற மூன்றுக்கு இலக்கங்கள் மட்டும்.

ஒரே எதிரி விமானத்தை நான்கு பேர் ரேடாரில் பார்த்தால் நால்வரும் அறிவிப்பதா? கூடாது. யாருடைய தரவு தரமானதோ அவரே அறிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்குத்தான் ஆர்-2 என்று பெயர். இன்னொருவருக்குத் தெளிவாக நல்ல தரவு கிடைத்தால் பொறுப்பு தானாகவே கைமாறும். ஒருவருடைய இருப்பிடக் கணக்கு பிசகியிருந்தால் மட்டும் வம்பு: ஒரே விமானம் திரையில் இரண்டு டிராக்காக முளைத்து, இருவர் வருகிறார்கள் என்று நம்ப வைத்துவிடும்.

ஒளிந்து பறக்கும் விமானங்களுக்கு வேறு தலைவலி. லிங்க் 16 நாலாபக்கமும் ஒலிபரப்பும். பேசினால் இருப்பது தெரிந்துவிடும். அதனால் எஃப்-35 விமானங்கள் தங்களுக்குள் மேடில் என்ற குறுகிய கற்றை இணைப்பில் பேசுகின்றன, எஃப்-22 விமானங்கள் ஐஎஃப்டிஎல் என்பதில். ஆனால் இவை இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. நடுவில் கேட்வே, அதாவது இரு மொழியும் தெரிந்த ஒரு கருவியை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இவையும் பழைய லிங்க் 16-க்கே திரும்பி வர வேண்டியதுதான்.