கறுப்புப் பூனைகள் வந்து சேரும் நேரம்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் நம்மவர்களுக்கு மும்பையின் வி.டி. ஸ்டேஷன் (இன்றைய சி.எஸ்.எம்.டி.) என்றால் ஊருக்கு ரயிலேறும் இடம். 2008 நவம்பர் 26 இரவு அங்கே மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாக்குதல் தொடங்கியது இரவு ஒன்பதரை வாக்கில். கறுப்புப் பூனைகள் எனப்படும் தேசியப் பாதுகாப்புப் படை (என்.எஸ்.ஜி.) கமாண்டோக்கள் மும்பையில் இறங்கியபோது பொழுது விடியத் தொடங்கிவிட்டது. நொடிக்கணக்கில் வேலை செய்யப் பழகிய படைக்கு ஏன் இத்தனை மணிநேரம் பிடித்தது? படை அமைந்த விதத்தைப் பார்த்தால் புரியும்.

1984-இல் அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள் ராணுவம் டாங்கியோடு நுழைந்து ஏராளமான உயிர்கள் போயின. இத்தகைய வேலைக்குத் தனிப்படை வேண்டும் என்று அந்த ஆண்டே முடிவாயிற்று. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ்., ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி.-9 ஆகிய கமாண்டோ படைகளை முன்மாதிரியாக வைத்து உருவான இதற்கு 1986-இல் தனிச் சட்டம் வந்தது. 1988-இல் அதே கோவிலைச் சுற்றி வளைத்து, தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்களை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களைச் சரணடைய வைத்தார்கள். கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை.

படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது, தலைவர் ஐ.பி.எஸ். அதிகாரி. தாக்குதலில் இறங்கும் எஸ்.ஏ.ஜி. பிரிவுக்கு ராணுவத்திலிருந்து ஆள் வருகிறார்கள். துணை நிற்கும் எஸ்.ஆர்.ஜி. பிரிவுக்கு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலிருந்து வருகிறார்கள். சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாய்ப்படைக்கே திரும்பிவிடுவார்கள். பயிற்சி டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில்.

எஸ்.ஏ.ஜி.யின் மிகச் சிறிய அலகு ஐந்து பேர்: இரண்டு ஜோடி, கூடவே தொழில்நுட்ப உதவிக்கு ஒருவர். மூடிய அறைக்குள் புகும்போது முதலில் உள்ளே போவது ஒளியும் ஓசையும் கக்கும் குண்டு. அந்த வெளிச்சத்தில் விழித்திரையின் ஒளியுணர் நிறமிகள் வெளுத்துப்போய் சில நொடிகள் எதுவும் தெரியாது. சத்தம் காதை அடைத்துவிடும். அதற்குள் ஒருவர் இடது மூலையையும் மற்றவர் வலது மூலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தன் மூலையை விட்டுப் பார்வையைத் திருப்பினால் கூட்டாளியின் முதுகு காவலில்லாமல் போகும். பிணைக்கைதியா, துப்பாக்கி வைத்திருப்பவனா என்பதையும் அந்த நொடிகளிலேயே பிரித்தறிய வேண்டும். பயிற்சியில் ஓயாமல் பழகுவது இதைத்தான்.

இவ்வளவு கூர்மையான படை 2008-இன் அந்த இரவில் மானேசர் என்ற ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. ஏற்றிச்செல்ல வேண்டிய ஐ.எல்.-76 விமானமோ சண்டிகரில். அது டெல்லி வந்து, மும்பைக்குப் பறந்து, பிறகு பஸ்ஸில் தென் மும்பைக்கு. அதன்பின் தாஜ், ஓபராய் ஹோட்டல்களிலும் யூத மையமான நாரிமன் ஹவுஸிலும் அறை அறையாகச் சண்டை. தாஜில் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும், நாரிமன் ஹவுஸில் ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் உயிரிழந்தார்கள்.

2009-இல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தாவில் கிளை மையங்கள் வந்தன. மும்பை மையம் அந்தேரி மரோலில். அவசரத்தில் எந்த நிறுவனத்தின் விமானத்தையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் படைத்தலைவருக்குக் கிடைத்தது. ஆனாலும் முதல் அரைமணி நேரத்தை உள்ளூர் போலீஸ்தான் தாங்கியாக வேண்டும். அன்று வி.டி.யில் நின்ற போலீசாரிடம் இருந்தவை பழைய ரைஃபிளும் லத்தியும். மகாராஷ்டிரா தனக்கென ஃபோர்ஸ் ஒன் என்ற கமாண்டோ படையைத் தொடங்கியது இதற்காகத்தான். என்னைக் கேட்டால், மானேசர் பயிற்சிக்குச் செலவழிக்கும் அதே அக்கறையோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கும் நல்ல கவசமும் துப்பாக்கியும் தர வேண்டும்.