தேத்தாங்கொட்டையும் கழிமுகச் சேறும்

ஊருணித் தண்ணீர் கலங்கலாகத்தான் வீட்டுக்கு வரும். அப்பத்தா பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்து, தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார். காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் விரற்கடை வண்டல். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் எளிதில் அடங்குவதில்லை. கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றைத் திரளச் செய்கிறது. திரண்டால் கனம், கனத்தால் இறங்கிவிடும்.

ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இந்த வேலையை உப்பு செய்கிறது. உப்புநீர் கலந்ததும் துகள்களின் விலக்கம் மட்டுப்பட்டு, ஆறு சுமந்துவந்த வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிகிறது. வெறும் வண்டல் என்றால் நல்லதுதான். ஆலைக்கழிவிலும் நிலக்கரிச் சாம்பலிலும் வரும் காரீயம், காட்மியம், பாதரசம், செம்பு ஆகிய உலோகங்களும் அந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டு வருகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது ஊரறிந்த கதை. (ஈயச்சொம்பில் ரசம் வைப்போர் பதற வேண்டாம். கலப்படமில்லாத சொம்பு வெள்ளீயம்; நஞ்சு காரீயம்.)

அடியில் படிந்ததோடு தொல்லை விட்டதா என்றால், பாதிதான். கழிமுகச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அங்கே ஆக்சிஜன் இல்லை. பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சல்ஃபைடு என்ற கந்தகப் பொருள் உலோகங்களைக் கரையாத கறுப்புப் பொருளாகப் பிடித்து வைக்கிறது. தூர்வாரினாலோ புயல் புரட்டினாலோ ஆக்சிஜன் பட்டு அந்தப் பிடி தளரும். காட்மியம் இன்னும் நழுவல் பேர்வழி. கடல்நீரின் உப்பிலுள்ள குளோரைடு கூப்பிட்டால் போதும், துகளை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும்.

போய் எங்கே சேரும்? தொண்டியிலிருந்து வரும் நண்டின் ஓட்டைப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கூழ் இருக்கும். ருசியே அதில்தான் என்பார் அப்பத்தா. நண்டுக்குக் கல்லீரலும் கணையமும் ஒன்றான உறுப்பு அது. காட்மியம் வெள்ளைச் சதையில் சேர்வதைவிட அதில் மிக அதிகமாகச் சேரும். தொண்டி நண்டின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை, ஆசைதான் உண்டு. எந்தக் கடல் நண்டுக்கும் உடலமைப்பு இதுதான். காட்மியம் அயனியும் கால்சியம் அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு. செவுளில் கால்சியத்துக்காகத் திறந்திருக்கும் வாசல் வழியே காட்மியம் நுழைந்துவிடுகிறது. உள்ளே வந்ததைக் கந்தகம் நிறைந்த ஒரு புரதம் கட்டிப்போடுகிறது. அந்தப் புரதத்தைச் செய்யச் செலவாகும் சத்தில் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் குறைவு விழலாம்.

பாதரசத்தின் வழி வேறு. அதே சேற்றுப் பாக்டீரியாக்களில் சில அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புழுவிலிருந்து சிறுமீன், சிறுமீனிலிருந்து பெருமீன் என்று படிக்குப் படி செறிந்துகொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலையின் கழிவிலேயே மெத்தில் பாதரசம் இருந்தது. 1956-இல் மனிதரிடம் நோய் தெரியவருவதற்கு முன்பே, மீன் தின்ற பூனைகள் தள்ளாடிச் செத்தன.

செம்பின் கதை விசித்திரமானது. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். அதனால்தான் அந்த ரத்தம் நீலம். அளவு மீறினால் அதுவே மீனின் மோப்பத்தைக் கெடுக்கிறது. மீன் நன்றாகத்தான் நீந்தும். பக்கத்தில் ஒரு மீன் கடிபட்டால் அதன் தோலிலிருந்து கசியும் எச்சரிக்கை வாசனை மட்டும் அதற்கு எட்டாது. கடித்த பெரிய மீன் திரும்பி வரும்போதும் அது அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும்.