சாலையோரத் தீ அபாயப் பலகை சொல்வது என்ன? விக்டோரியாவில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து மேற்கே ஜீலாங் பக்கமோ பல்லரட் பக்கமோ போனால் ஊர் எல்லைகளில் ஓர் அரைவட்டப் பலகை நிற்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என நான்கு நிறங்கள், நடுவில் ஒரு முள். இன்று தீப்பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த முள் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது வேறு. எங்கோ ஒரு பொறி விழுந்து தீ பிடித்துவிட்டால் அது எவ்வளவு வேகமாக ஓடும், அணைக்க முடியுமா, உயிருக்கு ஆபத்தா என்பதுதான் அதன் கணக்கு. பொறி விழுமா விழாதா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

இப்போதுள்ள முறை 2022 செப்டம்பர் 1 முதல் ஆஸ்திரேலியா முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் பலகை மாறும். விக்டோரியாவில் ஆறு படிகள் இருந்தன. கணக்கும் 1960களில் உருவான சூத்திரங்களை வைத்துத்தான்: காட்டுக்கு ஒன்று, புல்வெளிக்கு ஒன்று. இப்போது தாவர வகைகளை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தீ எப்படிப் பரவும் என்று தனித்தனியே கணக்கிட்டு ஓர் எண்ணாகத் தருகிறார்கள். அந்த எண் 12 முதல் 23 வரை இருந்தால் 'மாடரேட்' (மிதம்), 24 முதல் 49 வரை 'ஹை' (அதிகம்), 50 முதல் 99 வரை 'எக்ஸ்ட்ரீம்' (மிகக் கடுமை), 100ஐத் தொட்டால் 'கேட்டஸ்ட்ராஃபிக்' (பேரழிவு). பன்னிரண்டுக்குக் கீழே என்றால் மதிப்பீடே கிடையாது. பழைய பலகையைப் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய 'ஹை'யும் கீழேயிருந்து இரண்டாம் படிதான், ஆனால் அதற்கு மேலே நான்கு படிகள் இருந்தன. இப்போதைய 'ஹை'க்கு மேலே இரண்டே இரண்டு.

டார்னீட், மெல்டன் மாதிரி மேற்குப் புறநகர்களில் வீடு வாங்கியவர்கள், 'காடு எங்கோ கிழக்கே மலையில்தானே இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பதைப் பார்க்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும் புல்வெளியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காட்டுக்கட்டை உலர வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த புல்லோ, காலையில் பனியில் நனைந்திருந்தாலும் வெயில் ஏறியதும் பற்றத் தயாராகிவிடும். திறந்த வெளியில் புல்தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும், மனிதன் ஓடித் தப்ப முடியாது. அதனால் சமவெளிக்குக் கணிக்கும்போது வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்று வேகம் இவற்றோடு புல் எத்தனை சதவீதம் காய்ந்திருக்கிறது என்பதையும் சேர்க்கிறார்கள். செயற்கைக்கோள் படம் ஒரு பக்கம். நேரில் வயல்வெளிக்குப் போய்ப் பார்த்து மதிப்பிடும் தன்னார்வலர்கள் இன்னொரு பக்கம். மழை நன்றாகப் பெய்த வருடம் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிடாதீர்கள். வசந்தத்தில் ஆளுயரம் வளர்ந்த புல்தான் ஜனவரியில் எரிபொருள்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விக்டோரியாவின் மோசமான நாட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நகரும். காலையிலிருந்து உள்நாட்டுப் பாலைவனப் பக்கமிருந்து வறண்ட வடக்குக் காற்று அடிக்கும். பிற்பகலிலோ மாலையிலோ தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். 'அப்பாடா' என்று நாம் ஜன்னலைத் திறக்கும் நேரம் அது. தீயணைப்பவர்களுக்கு அதுதான் பயமான நேரம். வடக்குக் காற்றில் தீ ஒடுங்கிய, நீண்ட பட்டையாகத் தெற்கு நோக்கி ஓடியிருக்கும். காற்று திரும்பியதும் அந்த நீண்ட பக்கவாட்டு முழுவதும் புது முகப்பாகி வடகிழக்கே பாயும். காட்டுத்தீயில் 173 பேர் இறந்த 2009 பிப்ரவரி 7 அன்றும் நடந்தது இதுதான். அதனால்தான் முன்னறிவிப்பில் காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதற்கு இத்தனை முக்கியத்துவம்.

சமவெளிக்கு இன்னொரு பாடம் 1969 ஜனவரி 8. மெல்பர்ன்–ஜீலாங் சாலையிலுள்ள லாராவில் புல்தீயில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சாலையில் மாட்டி, காரை விட்டு இறங்கி ஓடியவர்கள். எக்ஸ்ட்ரீம் நாளில் அவசியமில்லாத பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வது சும்மா அல்ல. கேட்டஸ்ட்ராஃபிக் என்றால் தீ வரும்வரை காத்திருக்காமல், முந்தைய இரவோ அதிகாலையிலோ அபாயப் பகுதியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

சரி, இனி சட்டம். பலகை எச்சரிக்கை மட்டும்தான். 'டோட்டல் ஃபயர் பேன்', அதாவது முழுத் தீத்தடை, சட்டம். இரண்டும் ஒன்றல்ல. பலகையில் 'ஹை' இருக்கும் நாளிலும் தடை வரலாம். வானிலை பியூரோவின் கணிப்பைப் பார்த்து இதை அறிவிப்பது சி.எஃப்.ஏ. எனும் கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பு. மாநிலத்தை ஒன்பது மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மெல்பர்னும் ஜீலாங்கும் 'சென்ட்ரல்' மாவட்டத்தில் வருகின்றன, ஆகவே நகர நடுவில் குடியிருந்தாலும் தடை உண்டு. பெரும்பாலும் முந்தைய நாள் பிற்பகலில் அறிவிப்பார்கள். சில சமயம் அன்றைக்கேகூட வரும். மீறினால் பெரும் அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நமக்கு இதில் ஒரு சிக்கல், பொங்கல் ஜனவரி நடுவில், கோடையின் உச்சத்தில் வருகிறது. தடை நாளில் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்ட முடியாது. கரி அடுப்பும் கூடாது. வெளியில் வைத்தே பொங்க வேண்டுமென்றால் சமையலுக்கென்றே தயாரித்து விற்கப்படும் கேஸ் அடுப்பு அல்லது மின் அடுப்பு சரி, ஆனால் நிபந்தனைகள் உண்டு: அடுப்பு ஆடாமல் நிற்க வேண்டும், சுற்றி மூன்று மீட்டருக்குத் தீப்பற்றும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, குழாயில் பொருத்திய ஹோஸ் அல்லது குறைந்தது பத்து லிட்டர் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அடுப்பு எரியும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பொறி பறக்கும் வெல்டிங், கிரைண்டர் வேலைகளையும் அன்றைக்குத் திறந்த வெளியில் அனுமதியில்லாமல் செய்யக் கூடாது.

மதிப்பீடு நான்கு நாட்களுக்கு முன்கூட்டியே வெளியாகிறது. மாநிலத்தின் அவசரத் தகவல் சேவையான 'விக்எமர்ஜென்சி'யின் செயலியில் உங்கள் பகுதியைக் குறித்து வைத்தால் மதிப்பீடும் தடையும் எச்சரிக்கையும் போனுக்கே வரும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால், 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் வேண்டுமென்று சொல்லி, விக்எமர்ஜென்சிக்கு இணைக்கக் கேட்கலாம். தீயைக் கண்டால் மட்டும் நேராக அவசர உதவி எண் 000.

அப்புறம், தடை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. மாலையில் குளிர்காற்று வந்து தூறல் விழுந்தாலும் பன்னிரண்டு மணிக்கு முன் விறகு மூட்டக் கூடாது.